தொட்டி நிறையப் போகுது, மோட்டாரை நிறுத்துங்க!

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி. முகத்தில் பொடிப்பொடியாகத் துளைகள், துளைகளுக்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்பீக்கர், ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு, அடியிலிருந்து மாடிக்குப் போகும் ஒயர். அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பீர்கள். ஆமாம், இதற்குத்தான்! வாட்டர் டேங்க் அலாரம் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியவில்லை. பால் போடுகிறவரிடம் சொல்லியாகிவிட்டது, இஸ்திரி போடுகிற தம்பியிடம் சொல்லியாகிவிட்டது, ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சாம்பாரில் ஆரம்பித்து ரசத்துக்குள் முழுக் கதையையும் சொல்லி முடித்தேன், மோர் வரும்போது அவர் "எங்க சார் கிடைக்கும்?" என்று கேட்டார் பாருங்கள், அந்த ஒரு கேள்வியில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

கொஞ்சம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். காலை ஆறரை மணி, நங்கநல்லூர். தெரு முழுக்க மோட்டார் ஓடுகிற நேரம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவர், அடுப்படியில் தோசை திருப்புகிறவர், பிள்ளையின் ஷூ லேஸ் கட்டுகிறவர் என்று எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் பாதிக் காதை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு மீதிக் காதோடு வேலை பார்த்துக்கொண்டிருப்பார். குக்கர் விசிலடிக்கும், மிக்ஸி அலறும், வாசலில் கீரைக்காரம்மா குரல் கொடுப்பார், இதற்கு நடுவில் எங்கோ சடசடவென்று சன்ஷேடில் தண்ணீர் கொட்டும். உடனே எதிர்ச்சாரியிலிருந்து ஒரு குரல் கிளம்பும்: "ஏங்க, டேங்க் ரொம்பி ஊத்துது, மோட்டார ஆஃப் பண்ணுங்க!" அதைக் கேட்டதும் நாலு வீட்டில் நாலு பேர் தங்கள் வீடுதானோ என்று ஸ்விட்சை நோக்கி ஓடுவார்கள். இத்தனை வருடங்களாகத் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதுதான் அலாரம். ஆனால் அந்தச் சத்தம் எப்போது வருகிறது? வழிந்த பிறகு! தண்ணீர் சுவரில் இறங்கி, சுண்ணாம்பை நனைத்து, தெருவுக்கு ஓடிய பிறகு! எங்கள் வீட்டுப் பெட்டி வழிவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறதே, முன்னாலேயே! அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இப்படித் துள்ளுகிறேன்.

முன்னாலேயே சொல்கிற திறமை நம் வீட்டுப் பெண்களிடம் எப்போதோ இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் அம்மா தெருக்குழாய் காலத்து மனுஷி. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்க் கதையெல்லாம் பேசுவார், பேச்சும் நிற்காது, திரும்பியும் பார்க்க மாட்டார், தண்ணீர் கழுத்துக்கு வருகிற அந்த நொடியில் கை தானாகப் பின்னால் போய்க் குடத்தை இழுக்கும். ஒரு சொட்டு கீழே சிந்தாது. சின்ன வயதில் நான் அதை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். சூட்சுமம் சத்தத்தில் இருக்கிறது. காலிக் குடத்தில் விழும்போது தண்ணீர் கனத்த குரலில் பேசும், நீர் ஏற ஏற மேலே இருக்கிற காற்றுக்கு இடம் குறையும், காற்றின் நீளம் குறையக் குறைய சுருதி ஏறும், கழுத்துக்கு வரும்போது கீச்சென்று மெலிந்துவிடும். புல்லாங்குழலில் துளைகளை வாய்ப்பக்கம் நோக்கித் திறந்துகொண்டே போனால் சுருதி ஏறுவதும் இதே கணக்குத்தான். அம்மாவுக்கு அந்தக் கணக்கு காதிலேயே இருந்தது. ஆனால் தொட்டி இரண்டு மாடிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டதே, அங்கே எந்தக் காது எட்டும்? அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மாடிப்படி ஆகாது. இந்தப் பெட்டி அந்தக் குழாயடிக் காதை மாடிக்குக் கொண்டுபோய்த் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டது என்று நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கிறது.

வாங்கப் போன இடம் ரிச்சி தெரு. வேறெங்கே போவேன்? அண்ணா சாலையிலிருந்து அந்தச் சந்துக்குள் நுழைந்தாலே எனக்குக் கால் தரையில் பாவாது. சால்டரிங் புகை மணம், சரம்சரமாகத் தொங்கும் ஒயர்கள், பொட்டலம் பொட்டலமாக ரெசிஸ்டர்கள், டிரேயில் குவிந்து கிடக்கும் எல்இடி விளக்குகள். ஒரு சின்னக் கடையில் "டேங்க் அலாரம் இருக்கா?" என்று கேட்டதும் கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பீப் அடிக்கிறதா, மியூசிக்கா, பேசுறதா அண்ணே?" என்றான். மூன்றா! மூன்றையும் போட்டுக் காட்டச் சொன்னேன். பாவம், வியாபார நேரத்தில் எனக்காக ஒரு டீ டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தான். முதல் பெட்டியின் ஒயர் முனையைத் தண்ணீரில் தொட்டான், பீ...ப் என்று காதைத் துளைத்தது. இரண்டாவது, வாழ்த்து அட்டையைத் திறந்தால் டிங்டிங்கென்று பாடுமே, அந்த மெட்டு. அதற்கென்றே மூன்று காலில் நிற்கும் ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது, யூஎம்66 என்று பெயர், பார்த்தால் டிரான்சிஸ்டர் என்றுதான் நினைப்பீர்கள், உள்ளே ஒரு பாட்டையே வைத்திருக்கும். மூன்றாவதைத் தொட்டான் பாருங்கள், ஒரு பெண் குரல், அட்சர சுத்தமாக, தமிழில், தொட்டியில் நீர் நிறையப் போகிறது, மோட்டாரை நிறுத்துங்கள் என்றது! நான் கடை வாசலிலேயே கை தட்டிவிட்டேன். சத்தியமாக. இன்னொரு தடவை போடுங்க தம்பி என்றேன். இன்னொரு தடவை. பக்கத்தில் மொபைல் டிஸ்ப்ளே மாற்ற வந்த ஒருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே கேட்டார், கேட்டுவிட்டு அவரும் ஒன்று வாங்கினார்.

மாட்டுவது ஒன்றும் கம்பசூத்திரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டை மாடித் தளம் பாதத்தைச் சுடுகிறது, மகள் ஒயர் சுருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. மூடியைத் திருகித் திறந்ததும் குப்பென்று வரும் அந்த வெக்கை, சூடேறிய பிளாஸ்டிக்கும் ஈரமும் கலந்த வாசம், உள்ளே குனிந்து "ஹோய்" என்றால் பெரிதாகத் திரும்பி வருகிற நம் குரல், எனக்கு இதெல்லாம் பிடிக்கும். ஒரு ஒயர் முனையை அடிவரை தொங்கவிட்டோம், இன்னொன்றை மேலே நிறுத்தினோம். எவ்வளவு மேலே? இங்கேதான் கவனம் வேண்டும், இதைச் சரியாகச் செய்தால்தான் பெட்டி முன்னாலேயே கூப்பிடும். வழிந்து வெளியேறுகிற ஓவர்ஃப்ளோ பைப்பின் வாய்க்கு நேராக வைத்தீர்களானால் அலாரமும் வழிதலும் ஒன்றாக வரும், அதில் என்ன லாபம்? நான் பைப் வாய்க்கு 4 அங்குலம் கீழே வைத்தேன். எங்கள் தொட்டியின் சுற்றளவுக்கு அந்த 4 அங்குலம் என்பது ஏறக்குறைய 80 லிட்டர். காலித் தொட்டியை எங்கள் மோட்டார் அரை மணியில் நிரப்பும், அதாவது நிமிடத்துக்கு 33 லிட்டர். ஆக, குரல் கேட்டதிலிருந்து தண்ணீர் வழிவதற்குள் இரண்டு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகவே கையில் இருக்கும். இரண்டு நிமிடம்! தோசையைத் திருப்பிப் போட்டு எடுத்துத் தட்டில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, நடந்துபோய் ஸ்விட்சை அணைக்கலாம். ஓடக்கூட வேண்டாம்!

உள்ளே நடப்பது என்ன என்று கேட்டால் அதுவும் தேன். கீழே ஒரு ஒயர், மேலே ஒரு ஒயர், நடுவில் காற்று. காற்றில் மின்சாரம் போகாது, பெட்டி தூங்கும். நீர்மட்டம் ஏறி மேல் ஒயரைத் தொட்ட மாத்திரத்தில் நீரே பாலமாகிவிடுகிறது. சுத்தமாக வடித்தெடுத்த தண்ணீரில் மின்சாரம் அனேகமாகப் போகவே போகாது தெரியுமா, அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான் கடத்துகின்றன. நம் போர் தண்ணீரை எத்தனை திட்டியிருப்போம், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, முடி கொட்டும் என்று? அதே உப்புத் தண்ணீர் இந்த வேலைக்கு ஓடோடி வருகிறது! பாலத்தின் வழியாக வருவதென்னவோ ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத நூல் இழை மின்சாரம். அதை ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி நூறு மடங்குக்கு மேல் பெருக்கிக் கொடுக்கிறது, சைரன் முழங்குகிறது. இப்படியொரு அலாரத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அறிவியல் கண்காட்சிக்குச் செய்துவிடுவார்கள், ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டேனும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள், ஷாக்லியையும் சேர்த்து மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டரையும் செல்போனையும் கொடுத்த அந்தப் பொருள்தான் எங்கள் வீட்டு மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டு தொட்டிக்குக் காவல் காக்கிறது. இதை நினைத்துவிட்டுச் சும்மா எப்படி இருப்பது?

சரி, இப்போது அந்த முதல் தடவைக்கு வாருங்கள். ஒயரெல்லாம் இழுத்து, பெட்டியை மாட்டி, பிளக்கைச் சொருகி, மோட்டாரைப் போட்டாயிற்று. வேண்டுமென்றே தொட்டியைப் பாதிக்கு மேல் காலி செய்து வைத்திருந்தோம். அம்மா ஹாலில் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மகள் மொட்டை மாடிக்கும் ஹாலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள், "அப்பா, இன்னும் ஒரு ஜாண்!" என்பாள், தடதடவென்று ஏறுவாள், "இன்னும் நாலு விரல்!" என்பாள், எனக்கு உட்காரவும் முடியவில்லை நிற்கவும் முடியவில்லை, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கும்போதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மோட்டார் உம்மென்று ஓடுகிறது, பைப்பில் தண்ணீர் ஏறுகிற அதிர்வு சுவரில் கை வைத்தால் தெரிகிறது, வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போகிறது, அம்மா "என்னடா, பேசவே மாட்டேங்குது" என்கிறார், மாடியிலிருந்து மகள் "அப்பா, தொடப் போகுது, தொடப் போகுது, தொட்..." என்று கத்தி முடிக்கவில்லை, சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிய, டிங் டிங் டிங் என்று மூன்று மணி, அப்புறம் அந்தக் குரல், நிதானமாக, அழகாக, தொட்டியில் நீர் நிறையப் போகிறது என்று கணீரென்று வீட்டை நிறைத்ததே, நான் இரண்டு கையையும் தூக்கிக் கத்திவிட்டேன், மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள், மகள் படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி வருகிறாள், அம்மா எழுந்து போய்த் தன் கையாலேயே ஸ்விட்சைத் தட்டி அணைத்தார், அணைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்து, "சரிம்மா, நிறுத்திட்டேன்" என்றார். பெட்டிக்குப் பதில் சொல்கிறார்! மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டி நிறைந்து தளும்பி, பைப் வாய்க்கு நாலு விரல் கீழே தண்ணீர் அசைந்துகொண்டிருக்கிறது, வெளியே தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, காய்ந்த தரை, தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்தே கிடக்கிறது!

அன்றிலிருந்து வீடே மாறிவிட்டது. மோட்டார் போட்டால் அம்மா நிம்மதியாக டிவி பார்க்கிறார். மனைவி குளிக்கப் போகிறாள். நான் பேப்பர் படிக்கிறேன், முழுப் பக்கமும் மனதில் தங்குகிறது. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் 'தொட்டி, தொட்டி' என்று அரித்துக்கொண்டே இருக்குமே, அது போயே போய்விட்டது. அது போன பிறகுதான் அது இருந்ததே எனக்குத் தெரிகிறது.

என் மச்சான் இருக்கிறார், எதையும் ஒரு படி மேலே சொல்வார். "மாமா, இன்னும் கொஞ்சம் காசு போட்டு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலரே வெச்சிருக்கலாமே, தானே ஆன் ஆகும், தானே ஆஃப் ஆகும்" என்றார். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இதுதான் வேண்டும்! கன்ட்ரோலர் யாருக்கும் தெரியாமல் வேலை பார்த்துவிட்டுப் போய்விடும். இது நம்மிடம் பேசுகிறது. தண்ணீர் ஏறியதையும் நிறைந்ததையும் வீட்டில் எல்லோரும் காதால் கேட்கிறோம், இன்று தொட்டி சீக்கிரம் காலியாகிவிட்டதே, எங்கே குழாய் சொட்டுகிறது என்று அம்மா கேட்கிறார். மோட்டாரின் ஒயரைத் தொடவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டாம், தொட்டிக்குள் போவதோ சில வோல்ட்தான், ஆபத்தில்லை. "கரண்ட் போனா இது பேசாதே?" என்று மடக்கப் பார்த்தார். கரண்ட் போனால் மோட்டாரும்தானே மச்சான் நிற்கும் என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை, தன் வீட்டுத் தொட்டி எத்தனை லிட்டர் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

நிமிடத்துக்கு 33 லிட்டர் என்று சொன்னேன் அல்லவா? ஒரு வீட்டில் பத்து நிமிடம் வழிந்தால் 300 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய இருபது குடம். 2019 கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். ஏரிகள் விரிசல் விட்டுக் கிடந்தன, பிளாஸ்டிக் குடங்கள் வண்ணவண்ணமாக லாரிக்கு வரிசை கட்டி நின்றன, அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் தண்ணீர் வந்தது, 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், வில்லிவாக்கத்தில் வந்து நின்றபோது டிவியில் பார்த்துக்கொண்டே எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அந்தக் கோடையில் இருபது குடத்துக்கு என்ன மதிப்பு என்று லாரிக்கு நின்றவர்களைக் கேளுங்கள். அதனால்தான் இந்தப் பெட்டியைக் கையில் எடுக்கும்போது எனக்கு அது பொம்மையாகத் தெரியவில்லை, கும்பிடத் தோன்றுகிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது, ஒரு துளி. போர் தண்ணீரில் ஒயர் முனையில் வெள்ளையாக உப்புப் படிகிறது. அவ்வப்போது எடுத்துத் துணியால் தேய்த்துவிட வேண்டும், சுலபம். வெறும் செம்புக் கம்பி என்றால் மின்சாரமும் நீரும் சேர்ந்து நாளாவட்டத்தில் அரித்துவிடும், எவர்சில்வர் முனை போட்டது கேட்டு வாங்குங்கள், கவலையே இல்லை. கம்பியே தண்ணீரில் படக் கூடாது என்பவர்களுக்குக் காந்தம் வைத்த மிதவை மாடலும் உண்டு, நீர் தூக்கத் தூக்க மிதவை ஏறும், அதன் காந்தம் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற மெல்லிய இரண்டு தகடுகளை ஒட்டவைக்கும், மணி அடிக்கும். அதையும் ஒருநாள் வாங்கிப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

வடகிழக்குப் பருவமழை வந்தால் நாம் எல்லோரும் செய்திகளில் எதைப் பார்க்கிறோம்? செம்பரம்பாக்கம் இன்று எத்தனை அடி என்று! ஏரியின் முழு உயரம் 24 அடி, 21 தாண்டினாலே சென்னை முழுக்க அதே பேச்சு. அத்தனை பெரிய ஏரிக்கு ஊரே கண் விழித்து மட்டம் பார்க்கிறது, ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு நமக்கு ஒரு குட்டிப் பெட்டி கிடைத்திருக்கிறது. இப்போது என் வீட்டில் இது ஒன்றோடு நிற்கப்போவதில்லை. சமையலறையில் ஃபில்டர் தண்ணீர் சொட்டுச் சொட்டாக எவர்சில்வர் பானையில் விழுகிறதே, அதற்கு ஒரு பீப் பெட்டி. மெட்ரோ வாட்டர் வரும் நாளில் கீழே சம்ப்புக்கு ஒன்று, அதற்கு அந்த வாழ்த்து அட்டை மெட்டைத்தான் போடப் போகிறேன், மாடிக்கும் சம்ப்புக்கும் குரல் வேறு வேறாக இருக்க வேண்டும் இல்லையா? மாடி வீட்டு அண்ணி தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார், எதிர்வீட்டு மாமா மூன்று மாடிக்கு ஒயர் எவ்வளவு வேண்டும் என்று அளந்தே கொண்டுவந்து சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். வருகிற சனிக்கிழமை மறுபடியும் ரிச்சி தெரு. உங்களுக்கும் வேண்டுமென்றால் இப்போதே மாடிக்குப் போய் ஓவர்ஃப்ளோ பைப்பிலிருந்து ஸ்விட்ச் போர்டு வரைக்கும் நூல் பிடித்து அளந்து வையுங்கள், இரண்டு மீட்டர் கூடவே வாங்குங்கள், வளைவில் இழுக்கும்.